கழித்தல் இரண்டு

கொம்தார் மூன்றாம் மாடியில்
கிலோவுக்கு நிறுக்காத குறையாகக் குவித்திருந்த
பழைய லேப்டாப்புகளில் ஒன்று.
இருநூற்று எண்பது ரிங்கிட்.
"விண்டோஸ் போட்டா இழுக்கும்க்கா,
லினக்ஸ் போடுங்க, காசு இல்ல.
எல்லாம் ஓடும்னு மட்டும் நான் சொல்லல"
என்றான் கடையில் நிற்கிற சிவநேசன்.

இரவு ஷிஃப்ட் முடித்து,
சுங்கை ஆரா பிளாட், பதினோராம் மாடி,
ஜன்னலில் போர்வை கட்டிப் பகலை மறைத்துவிட்டு
யுஎஸ்பியைச் செருகினேன்.

திரை வந்தது.
சத்தம் வந்தது, இடது பக்கம் மட்டும்.
விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன்:
எந்த முணுமுணுப்பும் இல்லாமல்
ழ போட்டது, ஔகூடப் போட்டது.
மூடினால் தூங்கியது, திறந்தால் எழவில்லை.
பகலில் படுக்கிறவள் நான், அதைக் குறை சொல்ல முடியாது.
வைஃபைதான்
இருக்கிற சுவடே இல்லை.

உள்ளே யார் யார் என்று கறுப்புத் திரையில் கேட்டேன்.
வரிசையாகச் சொன்னது.
நடுவில் அதுவும் இருந்தது, நிறுவனப் பெயரோடு, எண்ணோடு.
பதிவேட்டில் பெயர் இருக்கிறது,
ஆள் நாற்காலியிலேயே இருக்கிறான்,
கூப்பிட்டால் மட்டும் எழுந்திருக்கவில்லை.
அடியில் காரணம்:
ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை.
பிழை, கழித்தல் இரண்டு.

போனில் தேடிப் படித்தேன்.
டிரைவரை யாரோ ஒருத்தர் சம்பளமில்லாமல்
இந்தச் சில்லின் வாயைக் கிளறிக் கிளறி
மாதக்கணக்கில் எழுதியிருக்கிறார்.
ஒவ்வொரு வரியும் திறந்து கிடக்கிறது.
ஆனால் சில்லுக்கு எழுந்தவுடன் ஊட்ட வேண்டிய
அந்த முதல் கவளத்தை
நிறுவனம் பூட்டித்தான் தருகிறது.
உள்ளே என்ன என்று தெரியாததை
வட்டில் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள் இவர்கள்.
இரண்டு பக்கமும் நியாயம்.
நடுவில் நான், நெட் இல்லாமல்.

பூட்டு எனக்குப் புதிதல்ல.
பாயான் லெப்பாஸ் வாசலில் தினமும்
என் போன் கேமராவின் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.
பன்னிரண்டு வருடமாகச் சில்லு சோதிக்கிறேன்.
பச்சை எரிந்தால் தட்டு, சிவப்பு எரிந்தால் தொட்டி.
அது எதற்குள் போய் என்ன பேசும் என்று
சூப்பர்வைசர் ரொஹானாவுக்கும் தெரியாது.

பதினொரு திருகாணி.
கழற்றினால், தீப்பெட்டியில் பாதி அளவு அட்டை,
அதில் கறுப்புச் சதுரம்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் எழுத்து தெரிந்தது:
மலேசியா. கீழே 1431.
பதினான்காம் ஆண்டு, முப்பத்தோராம் வாரம்.
விரல் விட்டு எண்ணினேன். ஹரி ராயா வாரம்!
மலாய்ப் பிள்ளைகள் ஊருக்குப் போக,
நாங்கள் கூடுதல் சம்பளத்துக்கு நின்றோமே, அந்த வாரம்.
ஒரு நிமிடம் நெஞ்சு விம்மியது.

பிறகு ஞாபகம் வந்தது.
அந்த வாரம் எனக்குக் கண்ணோய். எம்.சி.
என் இடத்தில் நின்று அந்தக் காசை வாங்கியவள் பிரேமளா.
அதுவும் எங்கள் தொழிற்சாலைச் சில்லா என்பதே
நிச்சயமில்லை.

போனை ஒயரில் கட்டி நெட் வாங்கினேன்.
பூட்டிய கோப்பைப் பூட்டோடு இறக்கி
அதற்குரிய இடத்தில் வைத்தேன்.
கொஞ்சம் உறுத்தியது.
பிறகு பதினோராம் மாடி முழுக்கத் திரையில் வந்தது:
ஃபைசுல் வீடு, லிம் குடும்பம்,
ஜாங்ஙான் சூரி என்று பெயர் வைத்த யாரோ.

மூடித் திருகுமுன்,
காலையில் போனிலிருந்து உரித்த ஸ்டிக்கரின் மேல்
பேனாவால் எழுதி உள்பக்கம் ஒட்டினேன்,
அடுத்து இதைத் திறக்கிறவருக்கு:

வைஃபைக்குக் கோப்பு தனியாக வேண்டும்.
வலது ஸ்பீக்கர் ஒயர் அறுந்திருக்கிறது, மென்பொருளைத் திட்டாதீர்கள்.
தூக்கம் சரியாகவில்லை.

மணி பகல் பன்னிரண்டு.
ஒரு திருகாணி மிச்சம்.